குளத்தைக் காலி செய்வது எப்படி

தம்பி,

"இது யாரு வீட்டுப் புள்ள?" என்று கிளாக்கரம்மா கேட்டபோது, "என் மகன்" என்று நான் சொல்லவில்லை. உனக்கு அப்போது ஏழு வயது. மடுல்சீமைத் தோட்டத்துப் பெரிய பங்களாவின் குளத்தில், கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாய். நான் ஆறடி தள்ளி, கேக் தட்டோடு நின்றேன். அவர் என்னிடம்தான் கேட்டார் என்று சொல்ல முடியாது. அங்கே நின்ற எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துக் கேட்டார். நான் தட்டைப் பார்த்தேன். கேக் துண்டுகளில் ஒன்று சரிந்திருந்தது, அதை விரலால் நிமிர்த்தி வைத்தேன். கடைசியில் பங்களாச் சமையல்காரர்தான் "நம்ம மேசன் மகனுங்க" என்றார். நீ அதைக் கேட்டாய். நான் வாய் திறக்காததையும் பார்த்தாய். பதினைந்து வருஷமாக அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

நாளை மறுநாள் நீ தென் கடற்கரைக்குப் போகிறாய். தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழோடு, ஏதோ ஒரு ஹோட்டலின் நீச்சல் குளத்து வேலைக்கு, உதவி மேற்பார்வையாளராக. வேலை கிடைத்த செய்தியை நீ சொன்ன அன்று நான் "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன். குளம் கட்டுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். குளத்தை ஏன் கட்டினேன் என்பதைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தை உன் பைக்குள் வைத்தே அனுப்பியிருக்கலாம். பத்திரிகைக்கு அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. கிளாக்கரம்மா ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைத் தலைப்பிலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். நான் யார் பெயரையும் போடவில்லை. அவருக்குப் பெயர் தேவைப்படாது.

அந்த நாளை நீ எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அது உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடத்தும் கிறிஸ்மஸ் விருந்து. தோட்டத்தை நடத்தும் தொரை குடும்பத்தோடு கொழும்புக்குப் போயிருந்தார், விருந்தை நடத்தும் பொறுப்பு பெரிய கிளாக்கரின் மனைவியான கிளாக்கரம்மாவிடம் இருந்தது. நான் அப்போது புள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தேன். சின்னப் பிள்ளைகளைக் கவனிக்க என்னைக் கூப்பிட்டார்கள். உன்னை விட்டுவிட்டுப் போக இடமில்லாததால் கூட்டிக்கொண்டு போனேன். "ஓரமா நில்லு, எதையும் தொடாத" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் 'தொட்டி' என்று சொல்லும் அந்தக் குளத்தை, அதற்கு முன்பு வேலியின் இடுக்கு வழியாக மட்டும்தான் நீ பார்த்திருந்தாய். மற்றப் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்ததும் காற்சட்டையோடு நீயும் குதித்துவிட்டாய். குதித்தவன் மூழ்கவில்லை. கையை விரித்துக்கொண்டு, பழகியவன் போல மேலே வந்தாய். அதை நான் பார்த்தேன் என்பதையும் இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன்.

"மேசன் மகனா?" என்றார் கிளாக்கரம்மா. "லயத்துப் புள்ளைக்குச் சொறி செரங்கு இருக்குமே. தொரை புள்ளைங்க குளிக்கிற தண்ணியாச்சே. எல்லாரும் மேல ஏறுங்க, ஏறுங்க. தண்ணியெல்லாம் போச்சு." உத்தியோகத்தர் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். நீ கடைசியாக ஏறினாய். உன்னை மட்டும் ஏறச் சொல்லியிருந்தால் இவ்வளவு காலம் இதை வைத்திருப்பேனா என்று யோசித்திருக்கிறேன். வைத்திருப்பேன். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. "மேசன கூப்பிடு. தண்ணிய எறக்கிக் கழுவணும்" என்றார். வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு ஆள் ஓடியது. உன் அப்பா வந்தார். யார் இறங்கியதால் கழுவ வேண்டியிருக்கிறது என்பதை அவரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். பிளீச்சிங் பவுடரைப் போட்டு, தென்னந்தும்புப் பிரஷ்ஷால், நான்கு சுவரையும் தேய்த்தார். நீ ஈரக் காற்சட்டையோடு படியில் உட்கார்ந்து பார்த்தாய். "நாளைக்கு வெடியக்குள்ள காஞ்சிரணும் மேசன்" என்று கிளாக்கரம்மா மேலிருந்து சொன்னார். "சரிங்கம்மா" என்றார் அப்பா.

இந்த அம்மாவின் தகப்பனும் லயத்து ஆள்தான். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவரைத் தெரிந்தவர்கள் எங்கள் தோட்டத்திலேயே மூன்று பேர் இருந்தார்கள். அதனால்தான் அவருக்கு அவ்வளவு கூர்மையாகக் கண் தெரிந்தது. வெள்ளைக்காரன் கழுவச் சொல்லியிருந்தால் அது ஒரு சரித்திரம் என்று படித்துவிட்டு மூடி வைத்திருப்பேன். இவரை என்னால் மூடி வைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு என் வாழ்க்கையை மற்றவர்கள் முன்னேற்றம் என்று சொல்வார்கள். தோட்டத்துப் படித்த பிள்ளைகளுக்கு ஆசிரியர் நியமனம் கொடுத்த காலத்தில் நானும் சோதனை எழுதித் தேறினேன். பதுளைக்கு வந்தோம். அப்பா தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வீடு கட்டும் மேஸ்திரி, 'பாஸ்' ஆனார். நான் பொது நூலகத்தில் தமிழ் அலுமாரியை முடித்துவிட்டு ஆங்கில அலுமாரிக்குப் போனேன். இதெல்லாம் உண்மை. ஆனால் வழியில் ஒவ்வொரு படியிலும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கணக்கு ஒன்றுதான்: என் வீட்டு வளவில் ஒரு குளம் இருக்கும், அதில் என் மகன் நீந்துவான், அதை அந்த அம்மா பார்ப்பார். பெரிய கிளாக்கர் ஓய்வு பெற்றுப் பதுளையில், பசறை வீதிக்கு மேலே வீடு கட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, நான் அதற்குக் கீழே இருந்த காணியைத் தேடி வாங்கினேன். பள்ளிக்கூடம் பக்கம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பள்ளிக்கூடம் பக்கமில்லை என்பது தினம் பஸ்ஸில் போன உனக்குத் தெரியும்.

இனி வேலையைச் சொல்கிறேன். முதலாவது, இடம். நம் காணியில் இரண்டு இடம் இருந்தது. குசினிக்குப் பின்னால் பாறை ஓரம், காய்ந்த தரை, வெயில் கொஞ்சம் குறைவு. மற்றது கீழ்ப்பக்கத்துச் சரிவு. அதன் மேல் முனையில் ஓர் ஊற்று கசிந்துகொண்டிருந்ததால் மாசி மாதத்திலும் கால் புதையும். அப்பா இரண்டு இடத்திலும் ஐந்தடிக் குழி வெட்டி ஒரு நாள் விட்டுவைத்தார். அதுதான் சரியான முறை, நீயும் எங்கே போனாலும் அதைச் செய். பாறை ஓரத்துக் குழி காய்ந்திருந்தது. கீழ்க் குழியில் காலையில் ஒரு சாண் தண்ணீர் நின்றது. "பாத்தியா புள்ள, நிக்கிது" என்றார் அப்பா. "குளத்துக்குத் தண்ணி தானே வேணும்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பாறை ஓரம் கிளாக்கரம்மா வீட்டு வெராந்தாவிலிருந்து தெரியாது என்பதை நான் முதல் நாளே நடந்துபோய்ப் பார்த்து வைத்திருந்தேன்.

இரண்டாவது, அனுமதி. சபைக் காரியாலயத்தில் என்னைத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார், அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள். "நீச்சல் தடாகமா? டீச்சருக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். "படிவத்துல அதுக்கு எடமே இல்லையே டீச்சர். தண்ணித் தொட்டின்னு போட்டுருவோம்." போடுங்கள் என்றேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் அது தண்ணீர்த் தொட்டிதான். அப்பாவும் தோட்டத்தில் தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் எத்தனையோ தொட்டி கட்டியவர். எல்லாம் தரைக்கு மேலே நிற்பவை. தொட்டிக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே போகாமல் கட்ட அவரைப் போல ஆள் இந்த மாவட்டத்தில் இல்லை. வெளியில் இருக்கும் தண்ணீரைப் பற்றி அந்தத் தொழிலில் யாரும் யோசிக்க வேண்டியிருந்ததில்லை.

நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. நீச்சல் குளம் கட்டுவது பற்றியது, அட்டை கழன்றது. அதை வைத்துக்கொண்டுதான் நான் மேற்பார்வை செய்தேன். முப்பதுக்குப் பதினாலு அடி. ஒரு முனை மூன்றடி, மறுமுனை ஆறடி. அரை அங்குலக் கம்பி இரண்டு அடுக்கு. கம்பி மண்ணைத் தொடாமல் இருக்கச் சின்னச் சின்னச் சீமெந்துக் கட்டைகள் வேண்டும் என்று புத்தகம் சொன்னது. நீ தீப்பெட்டிகளைச் சேர்த்து, அதில் கலவையை ஊற்றி வார்த்தாய். இருநூறுக்கு மேல் வார்த்தாய். எதற்கு இந்தக் குளம் என்று கேட்கவில்லை. கொங்கிரீட் போடுகிற அன்று ஒரே நாளில் தரையும் சுவரும் முடிய வேண்டும், நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒழுகும். வாடகைக் கலவை இயந்திரம் பத்து மணிக்கு நின்றுவிட்டது. அப்பா மண்வெட்டியை எடுத்தார், நீ எடுத்தாய், நானும் சேலையைச் செருகிக்கொண்டு கலவைத் தாச்சி சுமந்தேன். வேலையாட்களில் மூத்தவர், "டீச்சரம்மா இன்னைக்கு இங்கிலீசுல சொமக்கிறாக" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அந்த ஒரு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். மேலே வெராந்தாவில் கிளாக்கரம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

குழி வெட்டும்போதே அவர் ஆரம்பித்துவிட்டார். வேலிக்கு வந்து, "என்ன டீச்சர், கக்கூசுக் குழியா? ஊருக்கே சேத்து வெட்டுறீங்க போல" என்றார். அவருக்கு என்னை முதல் வாரமே அடையாளம் தெரிந்திருந்தது. "நீ அந்தப் புள்ளைக் காம்பராப் பொண்ணு தானே" என்று கேட்டவர், நான் டீச்சர் என்று தெரிந்த பிறகு 'நீங்க'வுக்கு மாறினார். நீலத் தட்டுக்கல் ஒட்டும்போது மறுபடி வந்தார். "மீன் வளக்கப் போறீங்களோ?" என்றார். "இல்லீங்கம்மா, குளிக்க" என்றேன். "யாரு?" "என் மகன்" என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அதை அந்த இடத்தில் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் நிரம்பி, நீ உள்ளே நிற்கும்போது சொல்வதற்கு வைத்திருந்தேன்.

என் முதல் தவறை உனக்குச் சொல்லிவிட்டேன், அது இடம். இரண்டாவது தவறு இது. தரைக் கொங்கிரீட்டுக்கு முன்பு அடியில் கல் பரப்பி, ஒரு குழாய் வைத்து, ஊற்றுத் தண்ணீரைச் சரிவில் இறக்கிவிடலாம் என்று அப்பா சொன்னார். பத்து நாள் கூடுதலாகும். மார்கழியில் கிளாக்கரம்மாவின் மகளும் பிள்ளைகளும் கொழும்பிலிருந்து வருவார்கள், அதற்கு முன் முடிய வேண்டும் என்பது என் திட்டம். "அடியில இருக்கிறத யாரு பாக்கப் போறா?" என்று கேட்டேன். ஊற்றின் வாயை மட்டும் களிமண்ணும் சீமெந்தும் வைத்து அடைத்தோம். ஊற்று நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மட்டும் போனது.

குளம் நிரம்ப நான்கு நாள் ஆனது. நிரம்பிய சனிக்கிழமை நான் உனக்கு ஒரு நீச்சல் காற்சட்டை வாங்கி வைத்திருந்தேன். நீ ஓரத்தில், காலைக்கூட நனைக்காமல் உட்கார்ந்திருந்தாய்.

"எறங்குடா. ஒன் வீட்டுத் தண்ணி."

"பெறகு பாக்கலாம்மா."

"என்ன பெறகு?"

"அந்த அம்மா வெராந்தாவுல நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அதுக்குத்தானே."

நீ என்னை ஏறிட்டுப் பார்த்தாய். "அதுக்குத்தான்னா நீங்க எறங்குங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாய். அவ்வளவு நாளும் காரணம் உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொங்கிரீட் போட்ட அன்றே தெரியுமா, தீப்பெட்டி சேர்த்தபோதே தெரியுமா என்று இன்றுவரை கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நீ இறங்காவிட்டால் வேறு வழி இருக்கிறது என்று அந்த மாலையே நினைத்தேன். உனக்காகக் கட்டிய குளம் அன்றைக்கு எனக்குச் சொந்தமாகிவிட்டது.

மார்கழியில் மழை பிடித்தது. நம் பக்கத்து மார்கழி மழை உனக்குத் தெரியும், நாள் கணக்கில் நிற்காது. சரிவெல்லாம் ஊறி, படிக்கட்டுக் கல்லின் இடுக்கிலிருந்துகூடத் தண்ணீர் வந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் கொஞ்சம் வெயில் அடித்தது. கிளாக்கரம்மா இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் கேற்றுக்கு வந்தார். எட்டு வயதுப் பெண், ஆறு வயதுப் பையன். அவர் கெஞ்சவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "மகளோட புள்ளைங்க. மேல இருந்து பாத்து பாத்து ஒரே ஆக்கினை. ஒரு அரை மணித்தியாலம் எறங்கட்டுமா டீச்சர்?" என்றார்.

"அதுக்கென்னங்கம்மா. நல்லா எறங்கட்டும்" என்றேன். துவாய் எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு நாற்காலி போட்டேன், தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். சீனி எவ்வளவு என்று கேட்டேன். பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் விளையாடினார்கள். பையனுக்கு நீச்சல் தெரியாது, படியைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். பெண் நன்றாக நீந்தினாள். நான் ஒவ்வொரு நிமிஷமும் பொறுமையாகக் காத்திருந்தேன். அவர்கள் ஏறி, துவாயைச் சுற்றிக்கொண்டு நின்ற பிறகு, வீட்டுப் பக்கம் திரும்பி, மேல் வீதிக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்: "என்னங்க, தண்ணிய எறக்கிக் கழுவணும். தண்ணியெல்லாம் போச்சு."

அந்தச் சொற்களை ஒன்பது வருஷம் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒரு எழுத்து மாறவில்லை. கிளாக்கரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தேத்தண்ணீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார், சத்தம் வராமல் வைத்தார். அதைப் பார்க்கத்தான் நான் அத்தனை கல்லையும் சுமந்தேன், தம்பி. அது நன்றாக இருந்தது என்றே உனக்கு எழுதுகிறேன்.

அந்தப் பெண்பிள்ளைதான் பேசினாள். துவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, நாங்க உள்ளுக்கு உச்சா போகல. நெசமா போகல. தம்பியும் போகல" என்றாள். இரண்டாம் தடவையும் ஒரு குளக்கரையில் நின்று, சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டேன். அந்தப் பிள்ளையிடம் எனக்குப் பகை இல்லை. அவளுடைய பாட்டியிடம் எனக்கு இருப்பதில் ஒரு துளியும் அதனால் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் போன பிறகு அப்பா குளக்கரைக்கு வந்தார். அடிக்குழாயின் வால்வைத் திறக்கச் சொன்னேன்.

"மழை முடியட்டும் புள்ள" என்றார். "மண்ணு கஞ்சியா கெடக்கு. உள்ளுக்குத் தண்ணி இருக்கிற வரைக்கும்தான் இது ஒக்காந்திருக்கும். காலியா விட்டா, வெளித்தண்ணி அடியில இருந்து தூக்கிரும் போல எனக்கு மனசுக்குப் படுது."

"இவ்வளவு கொங்கிரீட்ட தண்ணி தூக்குமா?"

"கப்பலே மெதக்குது."

"இன்னைக்கே கழுவணும்" என்றேன். எதையும் படித்துத் தெரிந்துகொள்கிற நான், அந்தப் புத்தகத்தில் ஒரே ஓர் அத்தியாயத்தை மட்டும் படிக்கவில்லை. குளத்தைக் காலி செய்வது பற்றிய அத்தியாயம். அதைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு குளத்தை எப்படிக் காலி செய்வார்கள் என்று நான் நேரில் பார்த்திருந்தேன். பங்களாக் குளம் மலை உச்சியில், பாறை மேல் இருந்தது என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

வால்வை நானே திறந்தேன். சரிவில் தண்ணீர் இரண்டு மணித்தியாலம் ஓடியது. நீலத் தரை தெரிந்ததும் பிளீச்சிங் பவுடர் வாளியையும் பிரஷ்ஷையும் அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என்னை 'டீச்சரம்மா' என்று கூப்பிட்டார். கோபம் வந்தால்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார். "டீச்சரம்மா, ரெண்டாவது தடவ என்னைய கொளம் கழுவச் சொல்லுறீங்க. மொதத் தடவ சொன்னவுக எனக்கு யாரோ. நீங்க எனக்கு யாரு?"

நான் வாளியை நீட்டியபடியே நின்றேன். என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது, ஏனென்றால் அதற்குள் நீ வந்துவிட்டாய். வீட்டுக்குள்ளிருந்து வந்து, என் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி, ஏணி வழியாக இறங்கினாய். அந்தக் குளத்துக்குள் நீ இறங்கியது அந்த ஒரு தடவைதான். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, அப்பா அன்றைக்குத் தேய்த்த மாதிரியே, மேலிருந்து கீழாகத் தேய்த்தாய். ஏழு வயதில் படியில் உட்கார்ந்து பார்த்ததை நீ எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறாய் என்று அன்றைக்குத் தெரிந்தது. அப்பா கொய்யா மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கிளாக்கரம்மா திரும்பி வந்தார். பையன் செருப்பை விட்டுவிட்டுப் போயிருந்தான். குடையை ஊன்றிக்கொண்டு, குளத்து விளிம்பு வரை வந்து, செருப்பை எடுத்தார். மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. கீழே பார்த்தார். நீ நிமிரவில்லை.

"இது யாரு? மேசன் மகனா?" என்று கேட்டார்.

"என் மகன்" என்றேன்.

ஒன்பது வருஷமாக வைத்திருந்த வார்த்தை. தண்ணீர் நிரம்பிய குளத்தில், நீ கையை விரித்து மேலே வரும்போது சொல்வதற்கு வைத்திருந்தது. நீ வெறும் தரையில் பிரஷ்ஷோடு நின்றபோது சொன்னேன். உன் கை ஒரு கணம் நின்றது. பிறகு தேய்த்தாய்.

"நல்லது" என்றார் அவர். "மூலையெல்லாம் நல்லாத் தேய்க்கச் சொல்லுங்க டீச்சர். பாசி அங்கதான் நிக்கும்." செருப்பைத் தட்டி மண்ணை உதறிக்கொண்டு படியேறிப் போனார்.

இதைப் படிக்கிறவர்கள் நான் உனக்கு மன்னிப்பைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் அவரை மன்னிக்கவில்லை. உன்னையும் மன்னிக்கச் சொல்லவில்லை, அது உன் விஷயம். உன்னிடம் நான் கேட்பது வேலையைப் பற்றியது மட்டும். எந்த இடத்திலும் முதலில் குழி வெட்டி ஒரு நாள் விட்டுவை. ஊற்றை அடைக்காதே, வழி வெட்டி அனுப்பு. அடியில் இருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லும் முதலாளி இருந்தால் அந்த வேலையை விட்டுவிடு, அந்த ஆள் வேறு எதையோ கட்டிக்கொண்டிருக்கிறான். மழைக் காலத்தில் குளத்தைக் காலி செய்யாதே. எவ்வளவு காரணம் இருந்தாலும் செய்யாதே. போகும்போது அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போ. அவர் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இதை அவரும் படிப்பார்.

கழுவி முடித்த அன்று மாலை ஆறு மணிக்கு மழை கனத்தது, விடியும்வரை விடவில்லை. காலையில் நீதான் முதலில் பார்த்தாய். குளத்தின் ஆழமான முனை தரையைவிட்டு ஒன்றரை அடி மேலே எழுந்து நின்றது. நடுவில் குறுக்காக வெடித்திருந்தது. மூலைகள் சுத்தமாக இருந்தன. அப்பா குளத்துத் தரையில் நான்கு துளை போட்டார், கீழிருந்து தண்ணீர் முழங்கால் உயரத்துக்குப் பீறிட்டது. அடுத்த வருஷம் கிளாக்கரம்மா குடும்பம் வீட்டை விற்றுவிட்டு மகளோடு கொழும்புக்குப் போனது. குளம் கீழே இறங்கவில்லை. நீ நீந்தக் கற்றுக்கொள்ளவில்லை.

அம்மா